அலையுந்து கலம்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

கடலைக் கடத்தற்கு மக்கள் கையாண்ட ஆற்றல்கள் பல. தோள்வலியால் துடுப்பை வலித்தனர், காற்றைப் பாயில் ஏற்றனர், நீராவியைப் பொறியில் அடைத்தனர், எண்ணெயை எரித்தனர், 1950-களில் அணுவின் ஆற்றலையும் ஏவல் கொண்டனர். இவ்வாற்றல்களின் வரலாறு பல நூல்களில் விரிவாக எழுதப்பெற்றுள்ளது. ஆயின், கலத்தைச் சூழ்ந்து நின்று, இரவும் பகலும் அதனைத் தூக்கியும் தாழ்த்தியும் அலைக்கழிக்கும் அலையின் ஆற்றலைக் கொண்டே கலத்தைச் செலுத்த முயன்றோர் வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்பளவில் நின்றுவிட்டது. அவ்வரலாற்றைத் தொடக்கமுதல் தொகுத்துக் காண்பதும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அக்கருத்து நடைமுறைக்கு வாராது நின்றமைக்குரிய காரணத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கு விடை இரண்டு. ஒன்று, அலையால் இயங்கிப் பெருங்கடலைக் கடந்த கலம் ஒன்றின் வகைப்பெயர் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. மற்றொன்று, தோல்வியுற்றதாகக் கருதப்படும் ஒரு முயற்சியின் வரலாற்றை எங்ஙனம் எழுத வேண்டும் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்க்கும் உரிய வினாவாகும்.

அலையின் இயல்பு

ஆழ்கடலில் அலை விரைந்து செல்கிறது; ஆனால் நீர் அதனோடு செல்வதில்லை. மிதக்கும் ஒரு துரும்பை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். முகடு வரும்போது அது மேலெழுந்து சற்றே முன்செல்கிறது. பள்ளம் வரும்போது தாழ்ந்து பின்வருகிறது. ஏறத்தாழப் புறப்பட்ட இடத்தையே மீண்டும் அடைகிறது. நீரின் ஒவ்வொரு துகளும் வட்டமிடுகிறது. முன்னோக்கிச் செல்வது வடிவமும் ஆற்றலுமே. ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே 10 நொடி கழியும் அலை, ஆழ்கடலில் ஏறத்தாழ 156 மீட்டர் நீளமுடையது. அதன் முகடுகள் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் விரைவில் செல்கின்றன.

இவ்வட்ட இயக்கம் ஆழத்தில் விரைந்து குறைகிறது. அலைநீளத்தின் பாதியளவு ஆழத்தில் அது மேற்பரப்பில் உள்ளதன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுகிறது. ஆகவே கலம் ஒன்று மேற்பரப்பில் ஏறியிறங்கும் அதே பொழுதில், அதற்குச் சில மீட்டர் கீழே உள்ள நீர் அவ்வளவு அசைவதில்லை. மேலே அசைவு, கீழே அமைதி எனும் இவ்வேறுபாடே அலையிலிருந்து உந்துவிசை பெறுதற்குரிய வாயிலாகும்.

அவ்விசை பிறக்குமாற்றை எளிதில் விளக்கலாம். கலத்தின் முன்பகுதியில், நீருக்குள்ளே, கிடையாக ஒரு தகடு பொருத்தப்பட்டுள்ளதெனக் கொள்வோம். அதன் முன்விளிம்பு கலத்தோடு பிணைந்திருக்க, பின்விளிம்பு வளைந்து கொடுக்கும் இயல்பினதாக இருக்கட்டும். கலம் எழும்போது தகடும் எழுகிறது. மேலுள்ள நீர் அதனை அழுத்த, பின்விளிம்பு கீழ்நோக்கி வளைகிறது. அந்நிலையில் நீர் தகட்டின் மீது செலுத்தும் விசை கீழ்நோக்கியதாக மட்டுமன்றி முன்னோக்கியதாகவும் அமைகிறது. கலம் தாழும்போது பின்விளிம்பு மேல்நோக்கி வளைய, விசை மேலும் முன்னுமாக அமைகிறது. எழுந்தாலும் தாழ்ந்தாலும் முன்னோக்கிய தள்ளல் ஒன்றே. மீனின் வால் பக்கவாட்டில் அசைந்து செய்வதை, இத்தகடு மேலுங் கீழுமாக அசைந்து செய்கிறது. வேறுபாடு ஒன்றே: மீன் தன் தசையால் வாலை அசைக்கிறது; இங்கே தகட்டை அசைப்பது கடல்.

அலை எத்திசையிலிருந்து வரினும் கலம் தான் நோக்கிய திசையிலேயே செல்லும் என்பது இம்முறையின் வியப்பான கூறாகும். பாய்க்கலம் காற்றுக்கு நேர் எதிரே செல்லமாட்டாது. அலையுந்து கலமோ அலைக்கு நேர் எதிரேயும் செல்லும்.

வழிகாட்டியாகிய அலை

அலையை உந்துவிசையாகக் கொள்ளும் எண்ணம் தோன்றுதற்கு முன்னர், கடலோடிகள் அதனைப் பகையாகவே கண்டனர் என்று கூறுவது வழக்கம். இக்கூற்று முழுவதும் உண்மையன்று. பசிபிக் தீவுகளில் வாழ்ந்த கடலோடிகள் அலையைத் தம் வழிகாட்டியாகக் கொண்டனர். தொலைவிலிருந்து இடையறாது வரும் நெடிய அலைகளின் திசையைப் படகின் அசைவாலேயே உணர்ந்து, விண்மீன் மறைந்த இரவிலும் அவர்கள் நெறி தவறாது சென்றனர். மைக்கிரோனீசியாவின் சாத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் என்பார் 1976 இல் ஹோக்குலேயா என்னும் இரட்டை உடற்கலத்தை ஹவாயிலிருந்து தாகித்திக்குக் கருவி எதுவுமின்றி வழிநடத்தியது இம்மரபின் வன்மையை உலகுக்கு உணர்த்திற்று. இப்பெயர் பின்னரும் வரும்.

எனினும், வழிகாட்டுவது வேறு, உந்துவது வேறு. பழங்காலக் கடலோடிகள் கலத்தை உந்துதற்குக் கொண்டவை துடுப்பும் பாயுமே. இதனை ஈண்டு வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. வெண்ணிக் குயத்தியார் கரிகால் வளவனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (66), காற்றின் இயக்கத்தைத் தம் ஏவலுக்கு உட்படுத்திக் கலஞ் செலுத்தியோர் மரபில் வந்தவனாக அவனைப் போற்றுகிறார். அங்கே பேசப்படுவது காற்று, அலையன்று. அதுபோன்றே ‘அலை’ என்னும் சொல்லின் வினைப்பொருள் அங்குமிங்கும் அசைதலைக் குறிப்பது. அலையில் நீர் முன்செல்வதில்லை, நின்றவிடத்தே அசைகிறது என்னும் இயற்பியல் உண்மையோடு இப்பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அப்பொருத்தத்தைக் கொண்டு, சொல்லைப் படைத்தோர் அலையியலை அறிந்திருந்தனர் எனத் துணிவது ஆராய்ச்சியாகாது. கண்ணாற் கண்டதைச் சொல்லாக்கினர் என்பதே அதனால் பெறப்படும். இளம் ஆராய்ச்சியாளர் இவ்வெல்லையைக் கடவாதிருத்தல் நன்று.

முதல் எண்ணங்கள்

அலையாற்றலைப் பொறிக்குப் பயன்படுத்தும் எண்ணம் எழுத்து வடிவில் காப்புரிமை பெற்றது பிரான்சு நாட்டில் 1799 ஆம் ஆண்டிலாகும். ஜிரார் என்னும் தந்தையும் மகனும் அதனைப் பெற்றனர். கடலில் மிதக்கும் பெருங்கலம் அலையால் எழுந்து தாழ்வதை ஒரு நெடிய நெம்புகோலின் வழியாகக் கரைக்குக் கொணர்ந்து, ஆலைகளையும் நீரிறைக்கும் பொறிகளையும் இயக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இங்கே ஒரு நுட்பம் நோக்கற்பாலது. கலத்தின் அசைவில் ஆற்றல் உண்டு என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்தனர். ஆயினும் அவ்வாற்றல் கலத்தையே செலுத்தலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. அக்காலத்தில் கடல்வழிக்குக் காற்று போதியதாக இருந்தது. ஆற்றல் வேண்டி நின்றது கரையில் இருந்த தொழிற்சாலையே. தேவை எங்குளதோ அங்கேதான் எண்ணமும் செல்லும் என்பதற்கு இது சான்று.

அலையால் கலத்தையே உந்தலாம் என்னும் கருத்து அமெரிக்கக் காப்புரிமை ஒன்றில் 1858 இல் வெளிப்பட்டது. அதனைப் பெற்றவர் டேனியல் வ்ரூமன். காலத்தை நோக்குக. அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்னரே, 1838 இல், ‘கிரேட் வெஸ்டர்ன்’ என்னும் நீராவிக்கப்பல் பிரிஸ்டலிலிருந்து நியூயார்க்கை 15 நாளில் அடைந்துவிட்டது. கடற்பயணத்தின் பெருமை விரைவும் நாள் தவறாமையுமே என்று உலகம் ஏற்றுக்கொண்ட காலம் அது. அலையோ ஒருநாள் பொங்கும், ஒருநாள் அடங்கும். கால அட்டவணைக்கு அது கட்டுப்படாது. ஆகலின் வ்ரூமனின் கருத்து காகிதத்தைத் தாண்டிச் சென்று கடல்வழக்கில் இடம்பெறவில்லை.

லிண்டனின் படகு

இவ்வரலாற்றில் முதன்முதலாக நீரில் இயங்கிக் காட்டிய பெருமை ஹெர்மன் லிண்டன் என்பார்க்கு உரியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் என்னும் அறிஞர் நிறுவிய கடல்வாழ் உயிரின ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடையவர் இவர். 1895 இல் இவர் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். பின்னர் 13 அடி நீளமுள்ள சிறு படகு ஒன்றை அமைத்து, அதற்கு ‘ஆட்டோநாட்’ என்று பெயரிட்டார். தானே கடலோடுவது என்பது அப்பெயரின் பொருள். அதன் முன்னும் பின்னும் நீருக்குள்ளே வளைந்து கொடுக்கும் எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. பாயும் இல்லை, துடுப்பும் இல்லை, பொறியும் இல்லை. 1898 இல் அப்படகு அலைகளை எதிர்த்து மணிக்கு 3 முதல் 4 மைல் விரைவில் சென்றதாக அறியக்கிடக்கிறது.

ஆட்டோநாட்டின் வெற்றி வியக்கத்தக்கதே. ஆயின் அதற்கு முந்தைய ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை அதனருகே வைத்து நோக்க வேண்டும். 1897 சூன் மாதத்தில், விக்டோரியா அரசியாரின் வைரவிழாவையொட்டி ஸ்பிட்ஹெட் என்னுமிடத்தில் பிரித்தானியக் கடற்படை அணிவகுத்து நின்றது. அவ்வணிகளுக்கிடையே சார்லஸ் பார்சன்ஸ் என்பார் தம் நீராவிச் சுழலியால் இயங்கிய ‘டர்பீனியா’ என்னும் கலத்தை எவரும் எட்டிப்பிடிக்க இயலா விரைவில் ஓட்டிக் காட்டினார். அக்கலத்தின் விரைவு மணிக்கு 34 கடல்மைலுக்கு மேற்பட்டது. ஒருபுறம் மணிக்கு 34 கடல்மைல். மறுபுறம் 3 அல்லது 4 மைல். உலகம் எதனைத் தேர்ந்திருக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இவ்வொப்பீட்டால் லிண்டனின் முயற்சி குறைபட்டதென முடிவு செய்தல் பொருந்தாது. டர்பீனியாவின் கொதிகலனுக்கு நிலக்கரி வேண்டும். ஆட்டோநாட்டிற்கு எரிபொருள் எதுவும் வேண்டா. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். ‘எவ்வளவு விரைவில்?’ என்பது பார்சன்ஸின் வினா. ‘எரிபொருளின்றி எவ்வளவு காலம்?’ என்பது லிண்டனின் படகு எழுப்பிய வினா. 1898 இல் இரண்டாம் வினாவைக் கேட்போர் இல்லை. கேள்வியே எழாத காலத்தில் பிறந்த விடை கேட்பாரற்றுப் போவது இயல்பு.

வானியக்க ஆராய்ச்சியின் துணை

கடலில் மறக்கப்பட்ட கருத்து வேறொரு துறையில் மீண்டும் தோன்றியது. வானூர்தியின் தொடக்கக் காலத்தில், பறவை சிறகடித்துப் பறக்கும் திறத்தை அறிஞர் ஆராய்ந்தனர். மேலுங் கீழுமாக அசையும் சிறகு தூக்குவிசையோடு முன்னோக்கிய உந்துவிசையையும் தரும் என்பதை ரிச்சர்டு நோலர் 1909 இலும், ஆல்பர்ட் பெட்ஸ் 1912 இலும் தனித்தனியே விளக்கினர். சிறகை அசைப்பதற்கு மாறாக, சிறகை அசையாது நிறுத்திக் காற்றோட்டத்தை மேலுங் கீழுமாக அலையச் செய்தாலும் அவ்வுந்துவிசை பிறக்கும் என்பதை 1922 இல் வியன்னாவில் காட்ஸ்மைர் செய்த சோதனை நிறுவியது.

இம்முடிவின் சிறப்பு பெரிது. அலையும் நீரில் இறகு ஒன்றை வைத்தால், அந்த நீரின் ஆற்றலையே கொண்டு இறகு முன்செல்லும் என்பது அறிவியல் முறையில் உறுதிப்பட்டது. லிண்டன் செய்து காட்டியது ஒரு விந்தையன்று. அதற்கு ஓர் இலக்கணம் உண்டு என்பது தெளிவாயிற்று. முதலில் இலக்கியம், பின்னர் இலக்கணம் என்று நாம் கூறும் முறை ஈண்டும் பொருந்துவது காண்க. இக்கொள்கை மிக வியப்பான வகையில் 2006 இல் மற்றொருமுறை மெய்ப்பிக்கப்பட்டது. ஓடும் நீரில் தடை ஒன்றன் பின்னே எழும் சுழல்களிடையே வைக்கப்பெற்ற இறந்த மீன் ஒன்று, உயிருள்ளதுபோல் வளைந்து நெளிந்து நீரோட்டத்தை எதிர்த்து முன்னேறியதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆற்றல் மீனிடம் இல்லை; நீரிடம் இருந்தது.

எண்ணெய் நெருக்கடியும் புத்துயிர்ப்பும்

1973 இல் உலகம் எண்ணெய் நெருக்கடியை எதிர்கொண்டது. எரிபொருளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அதுவரை கேட்பாரற்றுக் கிடந்த இரண்டாம் வினா, ‘எரிபொருளின்றி எவ்வளவு?’ என்பது, இப்போது அரசுகளின் வினாவாயிற்று. 1974 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்டர் அலையிலிருந்து மின்னாற்றல் பெறும் பொறியைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். கலத்தை உந்தும் முயற்சிகளும் உடன் கிளைத்தன. நார்வே நாட்டின் ஐனார் யாக்கப்சன், வில்லால் தாங்கப்பெற்ற இறகுகளைக் கலத்தின் கீழ் அமைக்கும் முறையைப் பற்றி 1981 இல் ஆய்வுரை வழங்கினார்.

ஆழ்ந்த கொள்கையாராய்ச்சி நிகழ்ந்தது ஜப்பானில். ஹிட்டாச்சிக் கப்பல் கட்டும் நிறுவனத்தைச் சேர்ந்த ஹிரோஷி இஷ்ஷிக்கி முதலியோர் 1980-களின் தொடக்கத்தில் இதற்குரிய கணிதக் கொள்கையை வகுத்தனர். டோக்காய்ப் பல்கலைக்கழகத்தின் யுட்டாக்கா தெராவோ அதே காலத்தில் அலையை நோக்கிச் செல்லும் மிதவைகளை ஆராய்ந்தார். இவர்கள் தம் முறைக்கு வழங்கிய பெயர் ‘அலையை விழுங்கி உந்துதல்’ எனப் பொருள்படுவது. இது வெறும் அணிநயம் அன்று. இறகு அலையின் ஆற்றலைக் கவர்ந்துகொள்வதால் கலத்தின் பின்னே அலையின் உயரம் குறைகிறது. கலத்தின் ஆட்டமும் தணிகிறது. ஆகவே அலையைக் கலம் உண்மையிலேயே உண்கிறது எனல் தகும். ஆட்டம் தணிதல் என்னும் இப்பயன், கடலில் உழைப்போர்க்கு உந்துவிசையினும் அருமையானது.

2008 ஆம் ஆண்டின் பயணம்

கொள்கையை மக்கள் கண்ணுக்குப் புலப்படுத்திய நிகழ்ச்சி 2008 இல் நடந்தது. 1962 இல் தம் இளமையில் சிறு பாய்ப்படகில் தனியே ஜப்பானிலிருந்து சான்பிரான்சிஸ்கோவை 94 நாளில் அடைந்து புகழ்பெற்றவர் கெனிச்சி ஹோரியே. அவர் தம் 69 ஆம் வயதில், தெராவோ வடிவமைத்த ‘சன்டோரி மெர்மெயிட் 2’ என்னும் கலத்தில், 2008 மார்ச் 16 அன்று ஹொனலூலுவிலிருந்து புறப்பட்டார். கலத்தின் நீளம் 9.5 மீட்டர், அது மறுவார்ப்புச் செய்த அலுமினியத்தால் ஆயது, இரட்டை உடலமைப்புடையது. முன்பகுதியில் நீருக்குள்ளே அருகருகே இரண்டு இறகுகள் அமைந்திருந்தன. ஆபத்துக் காலத்திற்கெனப் பாயும் பொறியும் உடன்வைக்கப்பட்டிருந்தன.

ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, சூலை மாதத் தொடக்கத்தில் அவர் ஜப்பானின் கீ கால்வாயை அடைந்தார். பயணம் ஏறத்தாழ 110 நாள் நீடித்தது. சராசரி விரைவு மணிக்கு ஒன்றரைக் கடல்மைல். மெல்ல நடப்பவன் விரைவினும் குறைவு. முன்னர் மதித்ததினும் பயணம் நீண்டமைக்குக் கடல் பல நாள் அமைதியாக இருந்தமை ஒரு காரணம். மாலுமிகள் வேண்டித் தவங்கிடக்கும் அமைதியே இக்கலத்திற்குத் தடையாயிற்று! பாய்க்கலம் காற்றை விரும்பிப் புயலை அஞ்சும். நீராவிக்கலம் இரண்டையும் விரும்பாது. அலையுந்து கலமோ கடலின் கலக்கத்தையே உணவாகக் கொள்ளும்.

இதே மாலுமி 2022 இல், தம் 83 ஆம் வயதில், பாய்ப்படகில் தனியே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஜப்பானை 69 நாளில் அடைந்தார். ஹொனலூலுவினும் சான்பிரான்சிஸ்கோ மிகத் தொலைவில் உள்ளது. இவ்விரண்டு பயணங்களையும் ஒப்பிட்டால், விரைவில் அலை காற்றுக்கு இணையாகாது என்பது ஒரே மனிதரின் வாழ்விலேயே அளந்தறியப்படுகிறது.

பெரிய கலங்கள் இம்முறையால் இயங்காமைக்குரிய காரணமும் இங்கே கூறத்தக்கது. கடலோடிகள் 2 மீட்டர் உயரம் என மதிப்பிடும் அலைகள் 8 நொடிக்கொன்றாக வரும் கடலில், முகட்டின் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 15 கிலோவாட் ஆற்றல் செல்கிறது. சிறு படகுக்கு இது பெருஞ்செல்வம். பல்லாயிரம் கிலோவாட் வேண்டும் சரக்குக்கப்பலுக்கோ இது சிற்றுணவு. மேலும், தன் நீளத்தினும் மிகக் குறுகிய அலைகளில் பெருங்கப்பல் அசைவதேயில்லை. அசையாத கலத்தில் இறகுக்கும் வேலை இல்லை.

ஆளில்லாக் கலங்கள்

இவ்வாறு விரைவில் தோற்ற கருத்து, விரைவே வேண்டாத ஒரு பணியில் தன் இடத்தைக் கண்டது. கடலின் வெப்பம், உப்பு, அலையுயரம், திமிங்கிலங்களின் ஒலி ஆகியவற்றை மாதக்கணக்காக அளந்துகொண்டிருக்க வேண்டும் என்பது கடலாராய்ச்சியாளரின் தேவை. ஆராய்ச்சிக் கப்பலை அவ்வளவு காலம் நிறுத்துதல் பெருஞ்செலவாகும். கலிபோர்னியாவில் 2007 இல் தொடங்கப்பெற்ற லிக்விட் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் இத்தேவைக்கு ‘வேவ் கிளைடர்’ என்னும் ஆளில்லாக் கலத்தை உருவாக்கியது. ஹவாய்க் கடலில் திமிங்கிலங்களின் பாடலைப் பதிவு செய்யும் விருப்பமே அதற்கு வித்து.

இக்கலம் இரண்டு பகுதிகளால் ஆயது. மேற்பரப்பில் ஒரு மிதவை. சில மீட்டர் கீழே, வடத்தால் இணைக்கப்பெற்ற, இறகுகளையுடைய சட்டகம். அலை மிதவையைத் தூக்கும்போது சட்டகமும் அமைதியான கீழ்நீரின் ஊடே இழுக்கப்படுகிறது. இறகுகள் சாய்ந்து அதனை முன்னே செலுத்துகின்றன. மிதவை தாழும்போது சட்டகம் தன் எடையால் இறங்கி மீண்டும் முன்செல்கிறது. கருவிகளுக்குரிய மின்னாற்றலைக் கதிரவன் ஒளி தருகிறது. மேலே அசைவு, கீழே அமைதி என முன்னர்க் கூறிய வேறுபாடு இங்கே வெளிப்படையாகவே பொறியின் வடிவமாகிவிட்டமை காண்க.

2011 நவம்பரில் இத்தகைய கலங்கள் நான்கு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து விடுக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று, 9,000 கடல்மைலுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, 2012 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில் உள்ள ஹெர்வி விரிகுடாவை அடைந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட அப்பயணத்தின் சராசரி விரைவு மணிக்கு ஒரு கடல்மைலே. அக்கலத்திற்கு இட்ட பெயர் ‘பாப்பா மாவ்’. அலையைப் படித்து வழிகண்ட மாவ் பியாய்லுக்கின் நினைவாக இடப்பட்டது அது. அவர் 2010 இல் மறைந்தவர். அலையை அறிவால் ஆண்டவர் பெயரை, அலையை ஆற்றலாக ஆண்ட கலம் தாங்கிச் சென்றது பொருத்தமே.

பிரித்தானியாவிலும் முன்னும் பின்னும் இறகுகளையுடைய ஆளில்லாக் கலம் ஒன்று 2010-களில் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஆட்டோநாட்’; லிண்டனின் படகு பெற்றிருந்த பெயரே. பெரிய கலங்களிலும் துணையுறுப்பாக இறகுகள் இடம்பெறத் தொடங்கின. பரோ தீவுகளில் ஓடும் ‘தெய்ஸ்டின்’ என்னும் பயணக்கலத்தின் முன்பகுதியில், வேண்டும்போது உள்ளிழுத்துக்கொள்ளத்தக்க இறகுகள் 2019 இல் பொருத்தப்பெற்றன. அங்கே அலை முழு உந்துவிசையைத் தருவதில்லை. ஆட்டத்தைத் தணித்து எரிபொருளைச் சிக்கனப்படுத்துகிறது. உலகின் பசுங்குடில் வளிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பற்போக்குவரத்தால் விளைவது. 2050 அளவில் அதனை நிகரச் சுழியாக்குவதெனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023 இல் குறிக்கோள் வகுத்தபின், இச்சிக்கனமும் மதிப்புப் பெறுகிறது.

கட்டுமரம் என்னும் சொல்

ஹோரியேயின் கலம் இரட்டை உடலமைப்புடையது என்றோம். அவ்வகைக் கலத்தை ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் ‘கேட்டமரன்’ என்று வழங்குகின்றன. இது நம் ‘கட்டுமரம்’ என்பதன் திரிபு. சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த மிதவையை வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளிவந்த தம் பயண நூலில் இப்பெயரால் குறித்துள்ளார். பின்னர் 1876 இல் அமெரிக்கக் கலவினைஞர் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற்பாய்க்கலத்தைச் செய்து பந்தயத்தில் ஓட்டினார். அதன்பின் அப்பெயர் இரட்டை உடற்கலத்திற்கே சிறப்பாக உரியதாயிற்று.

ஆயின் சொல் நம்முடையது என்பதால் பொருளும் நம்முடையதாகிவிடாது. நம் கட்டுமரம் ஒரே மிதவை. இரண்டு உடல்களை இடைவெளியிட்டு இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவினரிடையே வளர்ந்தது. சொல் சோழமண்டலத்திலிருந்தும், வடிவம் பசிபிக்கிலிருந்தும், இறகு நேப்பிள்ஸ் முதலாகவும், கொள்கை வியன்னா முதல் ஜப்பான் வரையிலிருந்தும் வந்து கூடிய கூட்டுப்பொருளே 2008 ஆம் ஆண்டின் கலம். இதனைத் தமிழரின் கண்டுபிடிப்பு என உரைப்பது மிகை. தமிழுக்கு இதில் தொடர்பில்லை என்பது குறை. கடற்கரையில் மரங்களைக் கட்டி மிதக்கவிட்ட மீனவர் வாய்ச்சொல் ஒன்று, அவர்கள் காணாத கலத்திற்குப் பெயராக நின்று நிலவுகிறது என்பதே உண்மை. அவ்வுண்மையே போதிய பெருமை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று.

அலையுந்து கலம் 1858 முதல் மீண்டும் மீண்டும் எண்ணப்பெற்றுக் கைவிடப்பட்டமைக்குக் காரணம் அறிவுக்குறை அன்று. லிண்டனின் படகு 1898 இலேயே இயங்கியது. கடற்பயணத்தின் நோக்கம் சென்றடைதலே என்று கொண்ட காலம் அதனைப் புறக்கணித்தது. கடலிலே நிலைத்திருத்தலும் ஒரு நோக்கமாகிய காலம் அதனை ஏற்றது.

ஒரு முயற்சியைத் தோல்வி என எழுதுமுன், அஃது எவ்வினாவுக்கு விடையாக எழுந்தது என ஆராய்தல் வேண்டும். இவ்விதி பொறிகளுக்கு மட்டுமன்று, நூல்களுக்கும் பொருந்தும். தம் காலத்தில் படிப்பாரற்று ஏட்டுக்கட்டுகளில் கிடந்து, பிற்காலத்தில் மணியென மதிக்கப்பெற்ற நூல்கள் நம்மிடையே உண்டு. அவை நூலளவில் மாறவில்லை. கேட்போர் வினாவே மாறிற்று.

இன்றைய அறிவைப் பழஞ்சொல்லில் ஏற்றிக் காணும் வேட்கையை அடக்குதல் வேண்டும். புறநானூறு காற்றைப் பாடிற்று என்றால் காற்று என்றே எழுதுவோம். ‘அலை’ என்னும் சொல் கூரிய நோக்கின் விளைவு, பொறியியலின் விளைவன்று. கூரிய நோக்கைப் பொறியியல் என மாற்றிக் கூறுவது அந்நோக்கினர்க்குச் சிறப்புச் செய்வதாகாது.

கலமும் அலையும் பற்றிய சொற்கள் நம் நூல்களிலும், நெய்தல் நில மக்களின் வழக்கிலும் பரந்து கிடக்கின்றன. அலையின் வகை, விரைவு, திசை, கலத்தின் அசைவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை ஊர்தோறும் கேட்டுத் தொகுத்து, இக்கடலியல் அறிவோடு ஒப்பிட்டு ஆராயும் பணி முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்கது. பொறிப்படகு பெருகியதால் துடுப்பும் பாயும் அருகிவருகின்றன; அவற்றோடு பழகியவர்களும் முதுமையுற்று வருகின்றனர். அவர்தம் சொற்கள் மறையுமுன் ஏட்டில் ஏறுதல் வேண்டும்.